வெறும் வயிறு என்று நான் எழுதிய படிவம்

1. பயற்றங்காய்

மயக்க ஊசி ஏறி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தொண்டையில் குழாய் போடுவதற்குள் செல்வமலரின் வாயிலிருந்து சோறு வந்தது. சோறும், மென்ற பயற்றங்காயும்.

"சக்‌ஷன் தாங்கோ! தலைப்பக்கத்தைக் கீழ இறக்குங்கோ!" என்று மயக்க மருந்து டொக்டர் கத்தினார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் நுரையீரலுக்குள் போய்விட்டது. திரையில் ஒக்சிசன் அளவு இறங்கியது.

"வெறும் வயிறு எண்டெல்லோ எழுதிக் கிடக்கு. ஆர் எழுதினது?"

"நான்தான் டொக்டர்."

முப்பது வருடத்துக்கு மேல் ஒப்பரேஷன் தியேட்டர் நேர்ஸாக வேலை செய்தவள் நான்.

2. முதல் நாள் பின்னேரம்

அடுத்த நாள் ஒப்பரேஷன் உள்ளவர்களை வார்டில் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்புவது என் வேலை. செல்வமலர் முரசுமோட்டையில் வயல் செய்பவர். வயது ஐம்பத்திரண்டு, சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உண்டு. பித்தப்பைக் கல்லை எடுக்க வந்திருந்தார்.

"என்ன மருந்து எடுக்கிறனீங்கள்?"

கிளினிக் கொப்பியை நீட்டினார். "கொப்பியில கிடக்கிறதுதான் மிஸ்ஸி."

எழுதினேன். போக எழும்பும்போது அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு சொன்னார்: "மத்தியானம் திண்ட சோறு இன்னும் இறங்கேல்லை மிஸ்ஸி. இப்ப ரெண்டு மூண்டு மாசமா இப்பிடித்தான். நாலு வாய் திண்டாலும் கல்லு மாதிரி நிக்குது."

"உங்களுக்கு உள்ளுக்கையும் கல்லுத்தானே அக்கா! நாளைக்கு எடுத்து விட்டால் எல்லாம் இறங்கும்" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். எனக்கும் என் பகிடி பிடித்திருந்தது.

நாங்கள் சொன்னபடி அவர் பட்டினி கிடந்தார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பால் விடாத ஒரு பிளேன்ரீ மட்டும்தான். விடிய ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கவில்லை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் வயிறு காலியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

3. முட்டைத் தட்டில் இருந்த ஊசி

ஒப்பரேஷனை நிறுத்தி, அவரை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிச் செயற்கைச் சுவாச மெஷினில் போட்டார்கள். வெளியே கதிரையில் இருந்த கணவரிடம் டொக்டர் கேட்டார்: "இவா வேற ஏதும் மருந்து பாவிக்கிறவாவோ? கொப்பியில இல்லாத மருந்து?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "ஊசி ஒண்டு போடுறவா டொக்டர். கிழமைக்கு ஒண்டு. கனடாவில இருந்து அவான்ர தங்கச்சி வாற ஆக்களிட்டக் குடுத்து விடுறவா. வீட்டுப் பிரிட்ஜில, முட்டைத் தட்டில கிடக்கு."

டொக்டர் தலையில் கை வைத்தார்.

எனக்கு அன்றுதான் அந்த ஊசியின் வேலை விளங்கியது. நாங்கள் சாப்பிட்டவுடன் குடலில் ஓர் ஓமோன் சுரக்கிறது. இன்சுலின் சுரக்க அது உதவும். கூடவே, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு என்று இரைப்பையையும் மந்தமாக்கும். உடம்பில் அது சில நிமிடங்களில் அழிந்துவிடும். அதன் சாயலில் செய்த இந்த ஊசியோ ஏழு நாளும், ஒரு முழுக் கிழமைக்கு நிற்கும். சீனி குறையும், பசி குறையும். ஆனால் சிலருக்கு முதல் நாள் சாப்பாடு அடுத்த நாளும் இரைப்பையிலேயே கிடக்கும். செல்வமலர் அதைத்தான் தன் வாயால் எனக்குச் சொன்னார். நான் பகிடி விட்டேன்.

4. லைனில் நின்றவர்

பதினொரு நாள் மெஷினில் இருந்தார். நான் ஒவ்வொரு நாளும் டியூட்டி முடிந்து போய்ப் பார்த்தேன். பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. பிழைத்தார். குழாய் எடுத்து, குரல் திரும்பிய பிறகு ஒரு நாள் கேட்டேன்: "ஏன் அக்கா என்னட்டச் சொல்லேல்லை?"

"அண்டைக்கு நான் லைனில நிண்டனான் மிஸ்ஸி."

"எண்டைக்கு?"

"பூநகரி ஐயா ஒருத்தரை நீங்கள் ஏசினனீங்களெல்லோ."

ஞாபகம் வந்தது. சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் நான் டியூட்டி நின்ற ஒரு நாள் ஒரு வயதானவர், மகன் லண்டனிலிருந்து அனுப்பிய குளிசைகளை மேசையில் வைத்தார். "லண்டன் மருந்து குடிக்கிற ஆக்கள் லண்டன் கிளினிக்குக்கே போங்கோ" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் குளிசைகளை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தலை குனிந்து போனார். எனக்கு வாய் நீளம் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். அதை நான் ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன்.

இப்போது வேலை செய்யும் நேர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. "வெளியில இருந்து ஏதும் ஊசி, குளிசை வருதோ? எண்டைக்குக் கடைசியாப் போட்டனீங்கள்? சாப்பாடு இறங்குதோ?" என்று கேளுங்கள். பதிலை டொக்டரிடம் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், கேட்கும்போது முகத்தைக் கடுகடுவென்று வைத்திருக்காதீர்கள். வரிசையில் நிற்கும் எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

செல்வமலருக்குப் பழைய மூச்சு வரவில்லை. வரம்பில் பாதி தூரம் நடந்தால் களைத்துக் குந்திவிடுவார். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ஃபோன் எடுப்பார்.

"தலையிடிக்கு ஒரு பனடோல் போட்டனான் மிஸ்ஸி. ஏசாதேங்கோ."

ஏசமாட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அடுத்த தடவையும் அப்படியேதான் தொடங்குகிறார்.