கேட்காமல் மாற்றிய கியர் ஒயில்

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிய ஐந்தே முக்காலுக்கு எங்கள் தீவின் நாரந்தனையிலிருந்து யோசேப்பு அண்ணை தொலைபேசியில் அழைத்தார். கிழமைக்கு இரண்டு நாள் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போகும் மூவரில் அவர் ஒருவர். "தவமணியின்ரை வான் இன்னும் வரேல்லை. அவ ஒருநாளும் பிந்திறதில்லை. ஒருக்காப் போய்ப் பாரும்" என்றார். நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது தவமணி அக்காவின் தம்பியார் முற்றத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். அக்கா நித்திரையிலேயே போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயது.

அதற்குப் பிறகு நான் செய்ததை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை. செத்தவீட்டு வளவுக்குள் நின்ற வானை எடுத்துக்கொண்டுபோய் மூன்று நோயாளிகளையும் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டேன். திரும்பி வந்த பிறகுதான் பந்தலுக்குள் போய் இருந்தேன். பிணம் கிடக்க வாகனம் எடுத்தவன் என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். அக்கா எழும்பியிருந்தால், "செத்தவளுக்கு என்ன அவசரம்? சீவனோடை இருக்கிறவையை முதல் ஏத்தும்" என்றுதான் என்னைத் துரத்தியிருப்பார்.

இப்போது அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொல்கிறார்கள். பண்பானவர், அமைதியானவர், எல்லோரையும் அனுசரித்துப் போனவர் என்று எழுதினால் நல்லது என யோசனையும் தந்தார்கள். மன்னிக்க வேண்டும். அவரை அறிந்த உங்களுக்கு அப்படி ஒரு பொய்யை எழுத எனக்குக் கை வராது. அவர் அமைதியாக இருந்திருந்தால் அந்த வான் என்றைக்கோ படுத்திருக்கும். ஆகவே நான் கியர்ப் பெட்டிக்கு ஊற்றும் எண்ணெயை, கியர் ஒயிலைப் பற்றி எழுதுகிறேன்.

வெளிநாட்டிலுள்ள எங்கள் ஊரவர் சேர்ந்து சனசமூக நிலையத்துக்கு வாங்கித் தந்த பழைய யப்பான் வான் அது. ஓட்டோ கியர், தானாகவே கியர் மாறும் இனம். நிலையத்தின் செயலாளர் நான். விடிய எழும்பி நோயாளிகளை ஏற்ற ஆண்களில் ஒருவரும் முன்வரவில்லை. அதுவரை இரண்டு சக்கர உழவு இயந்திரத்தில் வைக்கோலும் பனையோலையும் ஏற்றிப் பிழைத்த தவமணி அக்கா தானாகவே வந்து சாரதி வேலையைக் கேட்டார். ஓட்டோ கியர் என்றால் பொம்பிளையளும் ஓடலாந்தானே என்று ஒருவர் நக்கலடித்தார். அக்கா விடவில்லை. "ஓம், பொம்பிளையள் ஓடலாம். ஆம்பிளையளுக்கு அதை வைச்சுப் பார்க்கத்தான் ஏலாது" என்றார்.

வண்டியை வைத்துப் பராமரிப்பதில் எங்கள் தீவார் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஆடி ஆவணியில் பிள்ளைகள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருவார்கள் என்று பல வளவுகளில் ஒரு கார் நிற்கும். பதினொரு மாதம் அது தறப்பாளால் மூடியபடி கிடக்கும். பற்றறிக்காகக் கிழமைக்கு ஒருக்கால் இயக்கி நிற்பாட்டுவார்கள். பிறகு ஒரு மாதம் நல்லூருக்கும் சாட்டிக் கடற்கரைக்குமாக ஆட்களை அடைத்துக்கொண்டு ஓயாமல் ஓடும். ஒயில் மாற்றினீர்களா என்று கேட்டால் மீற்றரைக் காட்டுவார்கள். ஓடாத வண்டிக்கு எதற்கு ஒயில் என்பார்கள். "மீற்றர் நிண்டாலும் வருசம் நிக்குதே?" என்பார் அக்கா. உப்புக் காற்றில் சும்மா நிற்கும் வண்டியின் ஒயிலும் பழுதாகும் என்பது அவருடைய கட்சி. இரண்டு வருடம் அல்லது நாற்பதாயிரம் கிலோமீற்றர், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்பது அவர் வைத்திருந்த கணக்கு.

இரண்டு வருடத்துக்கு முன் வான் பிணங்கத் தொடங்கியது. கியரை முன்னுக்குப் போட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டு உதறிக்கொண்டு புறப்படும். அக்கா ஒரு நாள் வானைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் ஒயிலின் அளவுக் கம்பியை உருவி ஒரு வெள்ளைச் சீலைத் துண்டில் துடைத்தார். சிவப்பாய் இருக்க வேண்டிய ஒயில் பால் விடாத சாயத் தேநீர் நிறத்தில் இருந்தது. கருகிய மணமும் அடித்தது. அந்தச் சீலையை நேரே நிலையத்தின் கூட்டத்துக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்.

நிலையத் தலைவர் வெளிநாட்டிலிருக்கும் தன் மகனிடம் கேட்டார். அது ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லாத ஒயில், தொட்டால் கியர்ப் பெட்டி போய்விடும் என்று அவன் சொன்னான். வேலணையில் ஒருவர் ஒயில் மாற்றி ஒரு கிழமையில் கார் படுத்த கதையும் கூட்டத்தில் வந்தது. அக்கா அந்த வீட்டுக்கே போய் விசாரித்துக்கொண்டு வந்தார். அந்தக் கார் முன்பே இழுக்காமல் கிடந்திருக்கிறது. கடைசி நேரத்தில் கியர்ப் பெட்டியை மெசினால் அடித்துக் கழுவி, கிடைத்த ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள். "சாகக் கிடந்தவனுக்குச் சேலைன் ஏத்திப்போட்டு, சேலைன்தான் கொன்றது எண்டுறியள்" என்றார் அக்கா. ஒருவரும் கேட்கவில்லை. ஒயிலில் கைவைக்கக் கூடாது என்று கடிதம் எழுதி, ஒப்பமிட்டு, அவர் கையில் கொடுத்தவன் நான்தான். அந்தக் கடிதத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேலையைத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு மறிக்கப் போனேன். வானுக்குக் கீழே கிடந்தார். பக்கத்தில் என் கடிதம் விரித்திருந்தது. கழற்றிய நட்டுகளை மண் ஒட்டாமல் அதன்மேல் அடுக்கியிருந்தார். "வந்ததுதான் வந்தீர், அந்தத் தாச்சியைப் பிடியும்" என்றார். பிடித்தேன். இளஞ்சூட்டில் ஒயில் அந்த இரும்புச் சட்டிக்குள் இறங்கியது. வடிந்ததைச் சோடாப் போத்தல்களில் ஊற்றி அளந்தார். அதே அளவு புது ஒயிலை, அளவுக் கம்பி போகும் குழாயால் மெல்லிய புனல் வைத்து ஊற்றினார். கம்பியில் பொறித்திருந்த அதே இன ஒயில்தான். எல்லாத்துக்கும் ஒத்துவரும் என்று வேறொன்றைத் தலையில் கட்டப் பார்த்த கடைக்காரரோடு சண்டை பிடித்து வாங்கிவந்தது. பிறகு எஞ்சினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக ஆறுதலாகப் போட்டு எடுத்து, மறுபடி கம்பியைப் பார்த்தார். வடித்தால் பாதி கூட வராது, மிச்சம் உள்ளுக்கே நிற்கும். அதனால் கிழமைக்கு ஒருக்காலாக மூன்று தரம் செய்ய வேண்டும் என்றார்.

முதல் கிழமை வான் முன்னையிலும் பார்க்க மோசமாக உதறியது. தலைவர் என்னைக் கூப்பிட்டு ஏசினார். எனக்கும் பயம் பிடித்தது. ஆஸ்பத்திரி வழியில், மண்டைதீவுச் சந்தியில் வான் நின்றுபோனால் உள்ளே இருக்கும் மூன்று பேரின் கதி என்ன? அக்காவும் பயந்துதான் இருந்தார், ஆனால் அதை என்னிடம் மட்டுந்தான் சொன்னார். "பிழைச்சால் என்ரை காணியை வித்தெண்டாலும் வேறை வான் எடுப்பன். இப்ப பாதியிலை விட ஏலாது" என்றார். இரண்டாம் தரத்தோடு உதறல் குறைந்தது. மூன்றாம் தரம் வடிந்த ஒயில் சிவப்பாகவே வந்தது. குளிர்ந்த காலைகளில் ஒரு சின்னத் தயக்கம் மட்டும் மிஞ்சியது. அதன்பிறகு இரண்டு வருடம் அந்த வான் ஒரு செவ்வாயோ வெள்ளியோ தவறவிடவில்லை. தவமணியைச் சாரதியாகப் போட்டது தன்னுடைய யோசனை என்று தலைவரே மேடையில் பேசினார். அக்கா முன்வரிசையில் இருந்து பலமாகக் கைதட்டினார்.

போன கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தார்கள். அக்காவின் நினைவாக வானை நிலையத்தின் கொட்டகையில் விட்டுத் தறப்பாளால் மூடி, முன்னால் அவருடைய படத்தை வைப்பது. ஆவணியில் வெளிநாட்டார் வந்தபிறகு மிச்சத்தை யோசிப்பது. அதுவரை நோயாளிகள் பேருந்தில் போகட்டுமாம். நாலு மணித்தியாலம் இரத்தம் சுத்திகரித்துவிட்டு எழும்பும் மனிதன் நடக்கவே சுவரைப் பிடிப்பான். இந்தத் தீர்மானத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

அவருக்கு மாலை போட விரும்புபவர்கள் போடுங்கள். வானுக்குப் போட வேண்டாம். அந்தியேட்டிச் சடங்கு முடிந்து இந்த மலரைக் கொடுக்கும் நாள் வெள்ளிக்கிழமை. மதியப் பந்தியில் என்னைக் காணாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் வானோடு நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவமணி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கெட்ட பழக்கம்: தேவையானதைக் கேட்காமல் செய்வது. அடுத்த ஒயில் மாற்றம் இந்த மாதம் வந்தது. போன ஞாயிறு நானே வானுக்குக் கீழே படுத்து மாற்றினேன். தலைவருக்கு இதை வாசிக்கும்போதுதான் தெரியவரும்.