மேனாம்பேடு ஜூனியர் ஹாக்கி டீமும் ஒரு பிறந்த தேதியும்

ஹாக்கி கோச்னா விசிலோட நிப்பான்னு நினைச்சுக்காதீங்க, முக்கால்வாசி நேரம் மண்வெட்டியோடதான் நிப்பான். எண்பதுகள்ல ஆரம்பிச்சு பதினோரு வருஷம் மேனாம்பேட்டுல ஜூனியர் டீம் நடத்தினவன் நான். பகல்ல இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஃபிட்டர், சாயங்காலம் கோச். ஊர்ப் பசங்களுக்குச் சும்மா விளையாட்டு சொல்லிக்கொடுத்து வயிறெரிஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா, நீங்களும் நம்ம கட்சிதான்.

குழி

எங்க கிரவுண்டு புறம்போக்கு. கல்யாணம், கட்சிக் கூட்டம், ரெகார்ட் டான்ஸ், எதுன்னாலும் பந்தல் அங்கதான். பந்தக்கால் நட்டு, முடிஞ்சதும் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க. குழியை ஒருத்தனும் மூட மாட்டான். பந்து குழியில போய் உட்காரும், இல்லன்னா பையன் கால் மடங்கும். வாரத்துல ரெண்டு நாள் எங்களுக்கு பிராக்டிஸே குழி மூடறதுதான். ஒருநாள் பொறுக்காம பந்தல்காரர் சட்டையைப் பிடிச்சுட்டேன். அவர் அசரவே இல்ல.

"பந்து உருட்றதுக்கு இம்மாம் பெரிய எடம் இன்னாத்துக்கு நைனா? ஓரமா உருட்டிக்கினு போ."

பேடு

கோல்கீப்பர் தாஸ்தான் எங்க டீமுக்கு உசிரு. கையைத் தொங்கவிட்டா முட்டியைத் தொடும், அவ்வளவு நீளம். அப்பா இல்ல. அம்மா மேரியக்கா போல்ட் கம்பெனியில பேக்கிங். மாவட்ட ஜூனியர் டீம்ல ஒரு தடவை ஆடி சர்டிஃபிகேட் வாங்கிட்டா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை கிடைக்கும். அந்த வீட்டுல எல்லாரும் அதைத்தான் நம்பியிருந்தாங்க, நானும்தான்.

கோல்கீப்பர் கால்ல கட்டற பேடு வாங்க வழியில்ல. பக்கத்துல கிரிக்கெட் ஆடற பசங்ககிட்ட இரவல் வாங்கிக் கட்டுவான். ஆவடி டீமோட மேட்ச் நடக்குது, பாதி ஆட்டத்துல கிரிக்கெட் கேப்டன் நேரா கோலுக்கே வந்துட்டான். "அண்ணாத்தே, எங்க ஓப்பனர் வந்துட்டான், பேடைக் கழட்டிக் குடு." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்டிக்கை ஒடிச்சிருப்பேன், மொத்தம் இருந்ததே பதிமூணு ஸ்டிக்.

தாஸ் பேடு இல்லாமலே நின்னான். முட்டி வீங்கிச்சு, ஆனா நாலு கோலைத் தடுத்துட்டான். பார்த்துக்கிட்டிருந்த மாவட்ட ஹாக்கி சங்கச் செயலாளர், இவனை இந்த வருஷமே மாவட்ட ஜூனியர் டீமுக்கு அனுப்புங்கன்னார். பையனுக்குப் பதினாறுதான் ஆவுது, இன்னும் ஒரு வருஷம் தேறட்டும்னு நான்தான் சொன்னேன்.

"உங்க இஷ்டம் சார். அடுத்த வருஷம் அந்த இடம் உங்க பையனுக்குத்தான்."

தேதி

அடுத்த வருஷம் செலக்‌ஷன். அதே செயலாளர். தாஸோட ஸ்கூல் சர்டிஃபிகேட்டைப் பார்த்துட்டு ஓரமா தள்ளி வெச்சார். ஜூனியர்னா பதினெட்டு முடிஞ்சிருக்கக் கூடாது. காகிதத்துல தாஸுக்குப் பதினெட்டு முடிஞ்சு ரெண்டு மாசம். நெசத்துல முடிய இன்னும் பத்து மாசம் இருக்கு. மேரியக்கா சர்ச்சுக்கு ஓடி ஞானஸ்நானச் சான்றிதழ் கொண்டாந்து நீட்டினாங்க. ஃபாதர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்துச்சு. செயலாளர் அதைத் தொடக்கூட இல்ல. நான் கத்தினேன், மேஜையைத் தட்டினேன், அவர் அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

"சாமி குடுத்த தேதி எனக்கு வேணாம் சார், ஸ்கூல் குடுத்த தேதிதான் கணக்கு."

காது

வெளிய வந்ததும் மிச்சக் கோவத்தை மேரியக்கா மேல காட்டினேன். பெத்த பிள்ளைக்குப் பொறந்த தேதியைக்கூடவா சரியா எழுதிக் குடுக்க மாட்டீங்கன்னு கேட்டுட்டேன்.

ஒண்ணாங்கிளாஸ்ல சேர்க்கறப்போ தலைக்கு மேல கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்லுவாங்க இல்லையா, தொட்டா அஞ்சு வயசு ஆயிடுச்சுன்னு அர்த்தம். உங்களையும் அப்படித்தான் சேர்த்திருப்பாங்க. தாஸுக்கு அப்போ நாலு. ஆனா அந்தக் கை அன்னிக்கே காதைத் தாண்டிப் போயிருக்கு. ஹெட்மாஸ்டர் சிரிச்சுக்கிட்டே ஒரு வருஷம் கூட்டி எழுதிட்டார். இதை மேரியக்கா குரலை உயர்த்தாமத்தான் சொன்னாங்க.

"நான் வேலைக்குப் போவணும், புள்ள இஸ்கூல்ல பத்திரமா இர்க்கட்டும்னு உட்டுட்டேன். அது என் தப்புதான் சார். போன வருசம் அந்தச் செயலாளரே வந்து கேட்டப்போ, சின்னப் புள்ளன்னு நிறுத்தி வெச்சது யாரு?"

பதினோரு வருஷம், வந்த பந்தை உடனே அடி, அழகு பார்த்துக்கிட்டு நிக்காதேன்னு பசங்ககிட்ட தொண்டை கிழியக் கத்தின கோச்சும் நான்தான்.