கனகராஜ் அண்ணாச்சியும் என் சிவப்பு மூடியும்

முந்தாநாள் காலை, மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: கனகராஜ் அண்ணாச்சி காலமானார். எல்லோரும் கைகூப்பினார்கள். எனக்கு முதலில் தோன்றியது, ‘மனுஷன் தப்பித்துவிட்டாரே!’ என்பதுதான். அவரை அறிந்த நீங்கள் என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அதற்காக நான்கு வருடம் காத்திருந்தேன்.

என் பழைய காரின் என்ஜின் மேல்மூடி எண்ணெய்ப் பிசுக்கேறி அசிங்கமாகக் கிடந்தது. கராஜில் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை, நானே கழற்றினேன். பாத்திர சோப்பால் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சூடு தாங்கும் சிவப்பு ஸ்ப்ரே ஒரே ஒரு டப்பா வாங்கி, மொட்டைமாடியில் மூன்று கோட் அடித்தேன். இடையிடையே காயவைக்க மனைவியின் ஹேர் டிரையர். அதற்கு அவளிடம் வாங்கிய ஏச்சு தனி.

மூடியை மாட்டும்போது அண்ணாச்சி வந்தார். சயானில் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். தனக்குத் தெரியாத நட்டு உலகத்திலேயே இல்லை என்ற நினைப்பு. “என்ன வே, கோயில் தேரா இது? ரெண்டு மாசம் நிக்காது. அப்பளம் மாதிரி உரிஞ்சிரும்” என்றார். அதோடு விட்டாரா? பொங்கலன்று அத்தனை பேர் முன்னாலும், “நம்ம பெயிண்டர் வந்தாச்சு” என்றார். இன்றுவரை இந்தக் கட்டடத்தில் என் பெயர் பெயிண்டர்தான். வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான்!

இரண்டு மாதம் போனது. மூடி பளபளவென்று இருந்தது. “அண்ணாச்சி, ஒரு நிமிஷம் வந்து பாருங்க” என்று கூப்பிட்டேன். “எனக்கு வேற சோலி இல்லியா வே?” என்று நடந்துவிட்டார். தீபாவளிக்குக் கூப்பிட்டேன். லிஃப்டில் மறித்துக் கூப்பிட்டேன். வரவேயில்லை. வீம்பு! உடம்பெல்லாம் வீம்பு.

நேற்று மயானத்திலிருந்து திரும்பியதும், கார் கழுவும் செல்வத்திடம் இதைச் சொல்லிப் பொருமினேன். கட்டடத்து வண்டிச் சாவிகளெல்லாம் அவரிடம்தான் இருக்கும். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

“சாப், அண்ணாச்சி மாசாமாசம் உங்க பானெட்டைத் தொறக்கச் சொல்வாரு. ஓரத்துல நகத்தால சுரண்டிப் பாப்பாரு. ‘சாலா, இன்னும் உரியலியே’ம்பாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.”

ஓடிப்போய்த் திறந்தேன். மூடியின் ஒரு மூலையில் மெல்லிய நகக் கீறல்கள், நாற்பதாவது இருக்கும். ஓரிடத்திலும் பெயிண்ட் பெயரவில்லை. அடப்பாவி மனுஷா, வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பீர்?

டப்பாவில் இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருக்கிறது. ஒரு நொடி அடித்தால் கீறல் மறைந்துவிடும். அடிக்க மாட்டேன். அண்ணாச்சி தோற்றதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அது. அவரும் இனி வந்து சுரண்டப்போவதில்லை.