வாளியில் இருந்த நண்டு

வீட்டில் வாளிக்குள் நண்டுகள் பிறாண்டும் சத்தம் கேட்டதும், வல்வெட்டித்துறையில் நான் படித்த வகுப்பறை நினைவுக்கு வந்தது.

அன்று ரீச்சர் உயிருள்ள நண்டொன்றை வாளியோடு மேசையில் வைத்து, அதைப் பற்றி எழுதச் சொன்னார். வகுப்பு முழுக்கக் கடல்வாடை. எல்லோரும் ஒரேமாதிரி, “நண்டு நீரில் வாழும் உயிரினம்” என்று தொடங்கினோம்.

“உது புத்தகத்திலை இருக்கிற நண்டு. இதைப் பாத்து எழுதுங்கோ. தெரியாததை வீட்டிலை கேட்டுக்கொண்டு வாங்கோ.”

வாளி விளிம்பைப் பிடித்தபடி, “இது சோதினைக்கு வருமே ரீச்சர்?” என்று கேட்டேன்.

“சோதினைக்கு வராது பிள்ளை. உன்ரை விரலுக்குத்தான் வருது!”

வகுப்பே சிரித்தது.

இப்போது என் கையில் மகளின் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வழிகாட்டி நூல். அதிலிருக்கும் நண்டுக் கட்டுரையைப் பார்த்து எழுதினால் நாளைக்கு வகுப்பில் அவளுக்கு முழுப் புள்ளி கிடைக்கும். அவளோ வாளிக்கருகில் குந்தியிருந்து, தானாகவே எழுதிக்கொண்டிருக்கிறாள்.

“அம்மா, உந்த நண்டுக்கு ஒரு கால் இல்லை. திரும்ப முளைக்குமே?”

“எனக்குத் தெரியேல்லையம்மா.”

“அப்ப, ‘தெரியாது, கேட்டுப் பாக்கவேணும்’ எண்டு எழுதட்டே?”

புள்ளியைக் குறைத்தால்? கேட்காமல் வழிகாட்டியை மூடினேன்.

“எழுது” என்றேன். பிறகு, என் கைக்கு எட்டாதபடி அழிறப்பரை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.