பாண்டீஸ்வரன் பெயரில் ஓர் அர்ச்சனை

காரைக்குடியில் இருபது வருடமாக வக்கீலாக இருக்கிறேன். கொலை செய்தவன்கூட என்னிடம் பாதியை ஒளிப்பான். பாண்டீஸ்வரன் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இ-சேவை மையம் வைத்திருப்பவர். நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, பெற்றவர்களும் இல்லை. பைபாஸ் வருகிறது என்றால் பக்கத்திலேயே இரண்டு சென்ட் வாங்கிப் போடுகிற ஊர் இது. அதே புத்தியில் இவர் ஓர் இணைய முகவரியை வாங்கிப் போட்டார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கோயில் அர்ச்சனை செய்துகொடுக்கும் பெரிய கம்பெனியின் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் குறைவு. கம்பெனிக்காரன் தேடி வந்து நல்ல விலை கேட்பான் என்று நினைத்தார்.

விலை வரவில்லை, மெயில்தான் வந்தது. அவசரத்தில் எழுத்தை விட்டு அடித்தவர்களின் வேண்டுதலெல்லாம் இவர் பெட்டியில் விழுந்தது. பினாங்கில் ஒரு பிரசவம், துபாயில் ஒருவருக்கு ஆபரேஷன். பெயர், நட்சத்திரம், விலாசம்.

பேசாமல் மூடியிருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார் மனுஷன். வெள்ளிதோறும் பிள்ளையார்பட்டிக்குப் போய், தன் காசில் அத்தனை பெயருக்கும் அர்ச்சனை செய்து, விபூதியை உறையில் போட்டு அவரவருக்கு அனுப்பியிருக்கிறார்.

"என்னய்யா செஞ்சு வச்சிருக்கீக?" என்றேன்.

"சாமிக்குன்னு வந்த பேரு வக்கீலம்மா. அதை நம்ம வீட்டுல நிறுத்தி வைக்கலாமா?"

நியாயம்தான். சட்டத்துக்கு அந்த நியாயம் தெரியாது. வாங்கிப் போட்டதோடு நின்றிருந்தால் முகவரி பறிபோகும், நஷ்டஈடு கேட்பார்கள். அடுத்தவர் மெயிலைப் படித்து, கம்பெனிக்காரர்போலப் பிரசாதமும் அனுப்பினால் ஆள்மாறாட்டம்; மூன்று வருடம்வரை உள்ளே இருக்க வேண்டும். வழக்குப் பதிந்தாலே மையத்தின் உரிமம் போய்விடும். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. தான் அனுப்பாத விபூதிக்கு வாடிக்கையாளர்கள் நன்றி சொன்னதில்தான் கம்பெனி விழித்துக்கொண்டு நோட்டீஸ் விட்டிருந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்று மூன்று தாள்களை நீட்டினார். "என் பேருக்கே வருது."

முதல் இரண்டிலும் 'பாண்டீஸ்வரன், காரைக்குடி. ஆயுள் நீடிக்க' என்று இருந்தது. சென்னை விலாசம் ஒன்றும் இருந்தது. மூன்றாவதில் விலாசம் இல்லை. 'பாண்டீஸ்வரன், ஆயில்யம், கடகம். சீக்கிரம் செய்யவும்.'

"மொத ரெண்டுக்கும் செஞ்சு அனுப்பிட்டேன். மூணாவதுக்குக் கால் எழல. என் நட்சத்திரம் உசுரோட இருக்குற யாருக்கும் தெரியாது வக்கீலம்மா. ஜாதகத்தை அம்மாவோட சேத்து எரிச்சாச்சு."

கம்பெனிக்காரன் வைத்த பொறி என்று திட்டி அனுப்பினேன். பொறிதான். சமரசம் பேச வந்த சென்னை வக்கீல், பாண்டீஸ்வரன் கையெழுத்தில் விலாசம் எழுதிய இரண்டு உறைகளை என் மேஜையில் வைத்தார். அந்த விலாசம் அந்தச் சென்னை வக்கீலுடைய ஆபீஸ்.

"மூணாவது?" என்றேன்.

"ரெண்டுதான் மேடம் அனுப்பினோம்."

பொய் சொல்ல அவருக்கு ஒரு அவசியமும் இல்லை. மூன்றாவது தாளை எடுத்து மறுபடி படித்தேன்.

முகவரியை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும், மெயில் எதையும் இனிமேல் திறக்கக் கூடாது, திறந்தால் போலீஸ். இதுதான் ஒப்பந்தம். ஒப்படைப்பதற்காக வந்த பாண்டீஸ்வரன் எங்கள் முன்னால் மடிக்கணினியைத் திறந்தார். திரையில் காலையில் வந்த மெயில் ஒன்று படிக்காமல் கிடந்தது. தலைப்பு மட்டும் தெரிந்தது: பாண்டீஸ்வரன், ஆயில்யம், அவசரம்.

"யாருன்னு மட்டும் பாத்துக்கிறேன் வக்கீலம்மா."

எதிரில் சென்னை வக்கீல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கும் பார்க்க வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் பாண்டீஸ்வரன் சிறைக்குப் போகாமல் இருப்பதற்குத்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

"வேணாம். கையெழுத்துப் போடுங்க."

போட்டார். சென்னை வக்கீலே பெட்டி முழுவதையும் அழித்தார். பாண்டீஸ்வரன் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மையத்தைத் திறக்கப் போனார்.

கட்சிக்காரரைக் காப்பாற்றிய எனக்குத் தூக்கம் வரவில்லை. சாமிக்கு வந்த பெயரை நிறுத்தி வைத்தது இப்போது நான். வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போகவில்லை. பிள்ளையார்பட்டிக்குப் போய்ச் சீட்டு வாங்கினேன். பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னதும் குருக்கள் நிமிர்ந்து பார்த்தார்.

"இதே பேரு, இதே நட்சத்திரம். இப்பத்தானேம்மா செஞ்சுட்டுப் போனாங்க?"

சன்னதியை விட்டு வெளியே வந்து பாண்டீஸ்வரனுக்குப் போன் போட்டேன். கோயிலுக்கு வந்தீகளா என்று கேட்டேன்.

"இல்லையே, காலையிலேருந்து மையத்துலதான் இருக்கேன். நீங்க எங்க இருக்கீக?" என்றார்.