காந்தம் ஒட்டாத இடம்

கூடத்தில் சகலை சிரிக்கும் சத்தம் குளியலறைக் கதவைத் தாண்டிக் கேட்டது. அவர் சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பார். உள்ளே டிங்கர் மூன்றாவது தடவையாகக் கைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கையில் அழுக்கில்லை. வெளியே போகத்தான் துணிச்சலில்லை.

"உன் புருஷனுக்குச் சிலை வைக்கணும்மா," என்றார் சகலை. "காருக்கு அடியில பத்து நிமிஷம் படுத்துப் பார்த்தாரு. ஆஸ்பத்திரியில நம்மள யாராவது அவ்வளவு நேரம் பார்ப்பாங்களா?"

"என்னையே அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்ல அத்தான்," என்றாள் டிங்கரின் மனைவி.

மறுபடியும் சிரிப்பு. டிங்கர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

முப்பது வருடமாகக் கார்களின் நசுங்கிய உடம்பைத் தட்டி நிமிர்த்துகிற மனிதர் அவர். பட்டறையில் அவருக்கு அந்தத் தொழில்தான் பெயர். பழைய கார் வாங்க நினைக்கும் யாரும் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள். துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பிவிடுவார். கார் நிற்கும் வீட்டுக்கே போக வேண்டும், தெருமுனையில் சந்திக்கிறேன் என்று சொல்பவரை நம்பக் கூடாது. பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓடவிட்டு எதையோ மறைத்திருக்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் அடிச்சட்டமான சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கடைசியில் காந்தம். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டும். துருவின் மேல் பட்டிப் பசை பூசி மறைத்த இடத்தில் நழுவி விழும். இதற்கெல்லாம் அவர் கூலி வாங்கியதில்லை. "அவர் பார்த்த கார்" என்று நாலு பேர் சொல்வதே அவருக்குப் போதும். மகனில்லாத அந்த மனிதருக்கு அந்தச் சொல்தான் பிள்ளை.

சகலை அவருடைய மனைவியின் அக்காள் கணவர். இருபத்தாறு வருடமாக யார் யாருடைய காரையோ ஓட்டியவர். கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார்களை வாடகைக்குக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. ஒரே ஒரு பழைய கார், அது தன் பெயரில் இருந்தால் போதும், இனி யாரிடமும் சாவிக்காகக் கைநீட்ட வேண்டாம். அவரும் மனைவியும் வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் அதற்காகத்தான்.

அப்படித்தான் அன்று காலை இருவரும் கார் விற்கும் ஒரு பல் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். வேலையை விட்டு ஓய்வெடுத்துக்கொண்ட நல்ல மனிதர். ஷெட்டில் வெண்ணெய் நிறத்தில், உருண்டை விளக்குகளோடு, ஐம்பது வயதுக் கார் ஒன்று புதுப்பெண் மாதிரி நின்றது. பானெட் குளிர்ந்திருந்தது. எண்கள் ஒத்துப்போயின. ரசீதுகளையெல்லாம் டாக்டர் ஒரு கோப்பில் தேதிவாரியாக வைத்திருந்தார். கடன் பாக்கி எதுவும் இல்லை. எல்லாம் சரி.

டிங்கர் பாயை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தார். பின்சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டை சேஸிஸில் மாட்டும் இடத்தில் காந்தத்தை வைத்தார். அது நழுவி அவர் நெஞ்சில் விழுந்தது.

விரலால் கறுப்புத் தார்ப் பூச்சைச் சுரண்டினார். உள்ளே பட்டி. அதன் ஓரத்தில் பிறைபிறையாகக் கட்டைவிரல் தடம்.

அந்தத் தடம் அவருடையது. பட்டியின் ஓரத்தைத் தகடு வைத்துத் தேய்க்காமல் கட்டைவிரலால் அழுத்தி முடிப்பது அவருடைய பழக்கம். பட்டறையில் வேறு யாருக்கும் அது வராது. எட்டு வருடத்துக்கு முன்பு இது நீல நிறக் கார். அப்போதைய சொந்தக்காரர், "ஓட்டறதுக்கு இல்லப்பா, வாசல்ல அழகுக்கு நிறுத்தத்தான், பார்வைக்கு அடைச்சுக் கொடு," என்றார். துருவை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்தால் நாலு நாள் வேலை. கம்பிவலை வைத்துப் பட்டி பூசினால் ஒரு சாயங்காலம். ஒரு சாயங்காலத்தில் முடித்தார். பூசியது தெரியவேயில்லை என்று அன்று தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வெளியே நின்ற டாக்டர் சொன்னார்: "அடிப்பக்கமெல்லாம் புதுசா வேலை செஞ்சதுன்னு சொல்லித்தான் எனக்குக் கொடுத்தாங்க. யாரோ கைதேர்ந்த ஆளாம்."

"எந்த ஆளா இருந்தாலும் எங்க சகலை காந்தத்துக்கு முன்னால நிக்க முடியாது," என்றார் சகலை. "என்ன சகலை, அடியில என்ன சொல்லுது?"

காருக்கு அடியில், இரும்புக்கும் தரைக்கும் நடுவே, டிங்கரின் காது கொதித்தது. வெளியே இரண்டு ஜோடிக் கால்கள் பதிலுக்காக நின்றன. உண்மையைச் சொன்னால் யார் செய்தது என்று கேட்பார்கள்.

"சுத்தமா இருக்கு," என்றார்.

அந்த ஒரு சொல்லை நம்பி சகலை முன்பணம் கொடுத்தார். மீதி நாளைக் காலை வங்கி வழியாகப் போகும். நன்றி சொல்லத்தான் இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, தொட்டித் தண்ணி தீர்ந்துடும்," என்று மனைவி கதவைத் தட்டினாள்.

டிங்கர் குழாயை மூடிவிட்டு ஈரக்கையோடு கூடத்துக்கு வந்தார். சகலை எழுந்து அவர் தோளைப் பிடித்தார்.

"வாங்க சகலை. முதல் சவாரிக்கு ஆள் கிடைச்சாச்சு. அடுத்த வாரம் ஒரு கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் பின்சீட்டுல, நான் முன்னால, ராஜா மாதிரி."

பின்சீட்டு என்றதும் டிங்கர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, அந்தக் காரை வாங்க வேணாம்."

"என்ன விளையாட்டு இது?"

"பின்பக்கம் ஸ்பிரிங் மாட்டுற இடத்துல இரும்பே இல்ல. வெறும் பட்டி. நாலு பேர் ஏறி, ஒரு பள்ளத்துல விழுந்தா அச்சு கழண்டு வந்துடும்."

சகலையின் கை தோளிலிருந்து இறங்கியது. "காலையில சுத்தமா இருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அப்ப தெரியலையா?"

"தெரிஞ்சுது. அந்தப் பட்டியை வச்சது நான்தான்ணே."

மனைவி கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்தாள். டிங்கர் தரையைப் பார்த்தபடியே எட்டு வருடக் கதையைச் சொன்னார். நிமிர்ந்து பார்க்கும் உரிமை தனக்கு இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"நாளைக்குப் பணம் போனதுக்கப்புறம் என்ன பண்றதா இருந்தே?"

"சர்வீசுக்கு விடுங்கன்னு கேட்டு வாங்கி, யாருக்கும் தெரியாம வெட்டி எடுத்து வெல்டிங் வச்சுடலாம்னு நெனச்சேன்."

"அதுக்குள்ள அந்தக் கல்யாணப் பொண்ணு ஏறி உட்கார்ந்திருந்தா?"

சகலை கத்தியிருந்தால் டிங்கர் தாங்கியிருப்பார். ஆனால் சகலை மெதுவாகக் கேட்டார்: "இதுக்கு முன்னால எத்தனை பேருக்குச் சுத்தமா இருக்குன்னு சொன்னே?"

"மத்ததெல்லாம் நெஜம்ணே. என் பொண்டாட்டி மேல சத்தியமா."

"என் மேல சத்தியம் பண்ணாதீங்க," என்றாள் மனைவி.

திருமணமாகி இருபத்தொரு வருடத்தில் அவள் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

சகலை கைபேசியை எடுத்து, எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, டிங்கரிடம் நீட்டினார். "டாக்டர்கிட்ட நீயே சொல்லு. அவரும் ஏமாந்தவர்தான்."

டிங்கர் சொன்னார்.

"நானும் ஓட்டையை அடைக்கிற தொழில்ல இருந்தவன்தான்," என்றார் டாக்டர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "சொத்தையை எடுக்காம அடைச்சா உள்ளே என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணுமே."

"தெரியும் சார்."

"என் பேத்திங்க ரெண்டு பேரையும் ஞாயித்துக்கிழமை தவறாம அந்தப் பின்சீட்டுலதான் வச்சுக் கூட்டிட்டுப் போவேன். முன்பணத்தை நாளைக்கே திருப்பி அனுப்பிடறேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"சரி செஞ்சு கொடுத்துடறேன் சார். காசு வேணாம்."

"வேற ஆளைப் பார்த்துக்கறேன்," என்று சொல்லி டாக்டர் வைத்துவிட்டார்.

முப்பது வருடத்தில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. டிங்கரின் கண் நிறைந்தது; அழுவதற்குக்கூடக் கூச்சமாக இருந்தது.

சகலை கைபேசியை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"காபி போடறேன் அத்தான், குடிச்சிட்டுப் போங்க."

"இன்னொரு நாள் வரேம்மா. கல்யாண வீட்டுக்காரங்களுக்குப் போன் பண்ணி, வேற கார் பார்த்துக்கச் சொல்லணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்கா கேட்டா, டாக்டர் விக்கிற எண்ணத்தை மாத்திக்கிட்டார்னு சொல்லிடறேன். இவர் பேரு அதுல வராது."

அந்தக் கருணைதான் டிங்கரை முழுசாகச் சாய்த்தது.

"வேண்டாம்ணே," என்றார். "அண்ணிகிட்ட நடந்ததை நடந்தபடியே சொல்லிடுங்க."

சகலை திரும்பி அவரைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமா வருத்தமா என்று டிங்கருக்குப் பிடிபடவில்லை.

"நீயே வந்து சொல்லு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் தெருவில் இறங்கி நடக்கும்வரை மனைவி நின்று பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பாமலே கதவைச் சாத்தினாள்.