கரியாலூர் மலைச்சாலையில் கார் கொதித்து நின்ற மதியம்

அன்புச் சகோதரிகளே, உங்கள் மீது இறைவனின் அமைதி நிலவட்டும். மேடை ஏறிப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் மூடி வைத்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் நூர்ஜஹான். கள்ளக்குறிச்சியில் நானும் என் கணவர் பஷீரும் பாய், போர்வை, தலையணைக் கடை வைத்திருக்கிறோம். ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை. கரியாலூரில் அருவி பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்றுக்கு நாற்பது போர்வை கேட்டிருந்தார்கள். எங்கள் பழைய வெள்ளைக் காரில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் மலைக்குப் போனோம். அந்தக் காருக்கு என் மூத்த மகள் வயது. இருபத்தாறு.

ஏறும்போதே வெப்பம் காட்டும் முள் கொஞ்சம் மேலே போனது. அவர் ஓரங்கட்டி ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, "சரியாப் போச்சு" என்றார். நாங்கள் அதோடு மறந்துவிட்டோம்.

போர்வைகளை இறக்கிவிட்டு, போனில் சிக்னல் தேடி அவர் ஒரு மரத்தடிக்குப் போனார். அந்த மரத்தில் கதண்டு என்கிற விஷக் குளவியின் கூடு இருந்தது அவருக்குத் தெரியாது. நான் அலறல் கேட்டு ஓடுவதற்குள் தலை, கழுத்து, முதுகு எல்லாம் கொட்டிவிட்டன. விடுதிக்காரர்கள் புகை போட்டு அவரை இழுத்து வந்தார்கள். முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. அங்கிருந்த ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். நர்ஸ் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொட்டு ரொம்ப ஜாஸ்திம்மா. விஷம் கிட்னியில எறங்கிடும். ஆம்புலன்ஸு பிரசவ கேஸ ஏத்திக்கினு கீழ போயிருக்குது. வண்டி இருந்தா நிக்காம கெளம்புங்க" என்றார்.

வண்டி இருந்தது. ஓட்ட நான் மட்டும்தான் இருந்தேன். லைசென்ஸ் எடுத்து ஆறு வருடம். கடைக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை. அவரைப் பின் சீட்டில் படுக்க வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

கீழே இறங்குவதற்கு முன்னால் ஏற்றங்கள் உண்டு. இரண்டாவது ஏற்றத்திலேயே முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. முன்பக்கமிருந்து புகையாய் ஆவி கிளம்பியது. நிறுத்தினேன். சுற்றிலும் மூங்கில் புதர். வீடு இல்லை. போனில் ஒரு கோடுகூட இல்லை. இரண்டு பைக் போனது. ஒருவர், "கீழ போயி ஆள அனுப்புறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் எப்போது வருவது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "இவர் யாருக்கு இன்னா கெடுதல் செஞ்சாரு? ஏன் எங்கள இப்படி நடுக்காட்டுல நிறுத்துன?" என்று இறைவனிடம் வாய்விட்டே கேட்டேன். ஐந்து வேளையும் தொழுகிறவள்தான் நான். ஆனால் உதடு ஓதும்போது மனம் கடைச் சரக்கில் இருக்கும். அன்றுதான் எனக்கு வேறு நினைப்பே இல்லை. பின் சீட்டிலிருந்து அவர், "நூரு... தண்ணி" என்று முனகினார். பாட்டிலில் இருந்ததைக் கொடுத்தேன். பிறகு சாலையோரத்தில் மண்டியிட்டுக் கை ஏந்தினேன். அரபியில் எதுவும் வரவில்லை. தமிழில்தான் கேட்டேன். "யா அல்லாஹ், எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு மெக்கானிக்க அனுப்பு. இவர எனக்குத் திருப்பிக் குடு." அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். தண்ணீர் ஊற்றினால் சரியாகும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன்.

"யக்கா! மூடியத் தொடாத! கொதிதண்ணி மூஞ்சில அடிச்சிரும்!"

மூங்கில் புதர்ப் பக்கமிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மலைக்காரப் பெண். ராமாயி என்று பெயர் சொன்னாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மெக்கானிக்கைக் கேட்டேன், இவள் வந்து நிற்கிறாளே என்று நினைத்தேன். இறைவன் என்னை மன்னிக்கட்டும்.

பின் சீட்டை எட்டிப் பார்த்தாள். "கதண்டா? அய்யோ" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவே இல்லை. காரைத்தான் பார்த்தாள். குனிந்து அடியில் ஒழுகுகிறதா என்று பார்த்தாள். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினாள். ரேடியேட்டரின் அடிப்பக்கம் கையை வைத்தாள்.

"ஒழுகல. பெல்ட்டும் நல்லாத்தான் இருக்குது. இஞ்சினு தீயா கொதிக்குது, ரேடியேட்டரு அடியில ஜில்லுனு இருக்குது பாரு. தண்ணி சுத்தவே இல்லக்கா. நடுவுல தண்ணிய வுடுற தெர்மோஸ்டாட்டு தொறக்காம மாட்டிக்கினு இருக்குது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க வூட்டுக்காரரு பழைய ஜீப்பு ஓட்டுனாரு. எட்டு வருசம் நான்தான் கிளீனரு."

உடம்பெல்லாம் எனக்குச் சிலிர்த்தது.

பச்சைத் தண்ணீரை உடனே இஞ்சின் மேல் ஊற்றக் கூடாது, விரிசல் விட்டுவிடும் என்றாள். அரை மணி நேரம் ஆறவிட்டோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி இல்லை. அவள் காரில் கிடந்த வாளியை எடுத்துப் போய்ப் பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தாள். நான் ஈரத் துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓதினேன். பிறகு காரில் அவர் வைத்திருக்கும் கருவிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, இரண்டு போல்ட்டைக் கழற்றி, ஸ்பிரிங் வைத்த ஒரு வட்டத் தகட்டை வெளியே எடுத்தாள். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. "இது இல்லாமலே வண்டி ஓடும். ஊருக்குப் போயி புதுசு போட்டுக்கோ" என்றாள். தண்ணீர் கசியாமல் நடுவில் வைக்கும் கேஸ்கெட் கிழிந்துவிட்டது. போர்வை வந்த அட்டைப் பெட்டியை அளவாக வெட்டி, கிரீஸ் தடவி வைத்து முடுக்கினாள். இஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினாள். குமிழி அடங்கியதும் மூடியைப் போட்டாள்.

"முள்ளு பாதியத் தாண்டுனா நிறுத்திடு. எறக்கத்துல இஞ்சின ஆஃப் பண்ணிடாத, பிரேக்கு சரியா புடிக்காது. செகண்டு கியர்லயே போ. போக்கா, தைரியமா போ."

"நீயும் வாயேன்மா."

"எனக்கு வேல கெடக்குதுக்கா."

முள் பாதிக்குக் கீழேயே நின்றது. ஒவ்வொரு வளைவிலும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திருப்பினேன். அடிவாரத்துக் கச்சிராயபாளையம் தாண்டியதும் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே ஓட்டினேன்.

கள்ளக்குறிச்சியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். சிறுநீர் காப்பித் தண்ணீர் நிறத்தில் போனது. மூன்று நாள் டாக்டர்கள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. நான்காம் நாள் நிறம் தெளிந்தது. "இன்னும் தாமதிச்சிருந்தா கிட்னி போயிருக்கும்மா" என்றார் டாக்டர். பதினோராம் நாள் அவர் தன் காலால் நடந்து வீட்டுப் படியேறினார்.

ஒரு மாதம் கழித்து, நல்ல போர்வை இரண்டு எடுத்துக்கொண்டு ராமாயியைத் தேடிப் போனோம். அவரைப் பார்த்ததும் அவள் கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "நீ வரலன்னா என்ன ஆகியிருக்கும்" என்றேன்.

"அன்னிக்கு நான் அந்தப் பக்கமே வர்றவ இல்லக்கா. காலையில கன்னுக்குட்டி அவுத்துக்கினு ஓடிடுச்சி. அதத் தேடிக்கினுதான் வந்தேன்."

"கிடைச்சுதா?"

"சாயங்காலம் அதுவே வூட்டுக்கு வந்து நிக்குது!"

சகோதரிகளே, நான் கை ஏந்தியது மதியம். கன்று ஓடியது காலை. அவரைக் கதண்டு கொட்டுவதற்கு முன்னால், நான் கோபப்படுவதற்கு முன்னால், எனக்கான உதவி அந்த மலையில் நடக்கத் தொடங்கிவிட்டது. இதை நினைத்தால் இன்றும் நெற்றியைத் தரையில் வைத்த சஜ்தாவிலிருந்து தலையைத் தூக்க மனம் வருவதில்லை. இப்போது நான் அவசரமாகத் தொழுவதில்லை. கடை காத்திருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

உங்களில் யாராவது இப்போது நடுவழியில் நிற்கலாம். உங்களுக்குத் தெரிந்த மொழியில் கேளுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். நீங்கள் நினைத்த முகத்தோடு உதவி வராமல் போகலாம். வருகிறவரை அலட்சியமாகப் பார்த்துவிடாதீர்கள். அவர் உங்களுக்காகக் காலையிலேயே கிளம்பியவராக இருக்கலாம்.